தனிநாயகம் அடிகளாரின் உரோமாபுரிப் படிப்பு

யாழ்ப்பாண நகரிலிருந்து நீரேரியை ஒட்டிக் கிழக்கே போனால் கொழும்புத்துறை வருகிறது. துறை என்ற பெயருக்கேற்ப இறங்குதுறையும் வள்ளங்களும் உள்ள ஊர். யோகர் சுவாமிகள் நெடுங்காலம் வாழ்ந்த இடம் என்று சைவ அன்பர்கள் அதனைப் போற்றுவர். கத்தோலிக்கராகிய நமக்கு அது புனித பிரான்சிஸ் சவேரியார் பெரிய குருமடம் இருக்கும் ஊர். மெய்யியலும் இறையியலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. நம் பாட்டன்மார் வேதசாத்திரம் என்று சொன்னதைத்தான் இப்பொழுது இறையியல் என்கிறோம்.

குருமடத்துக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் சிலருக்கு உள்ளூர ஒரு கேள்வி உண்டு. பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் நோயாளிக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்கவும் இத்தனை வருடப் படிப்பு எதற்கு? அதுவும் போதாதென்று சிலரை உரோமாபுரிக்கு அனுப்பி, எப்போதோ இருந்த சபைப்பிதா ஒருவரைப் பற்றி ஆராய்ச்சி செய்வித்துப் பட்டம் வாங்குவிப்பது எதற்கு? அதனால் நம் பங்குக்கு வரும் நன்மை என்ன? கேட்பதில் தவறில்லை. வாதம் செய்து விடை சொல்வதிலும் பார்க்க, அந்தப் படிப்பைப் படித்த ஒருவருடைய கதையைச் சொல்வதே எனக்குச் சுலபமாகத் தெரிகிறது.

தனிநாயகம் அடிகளார் என்றதும் உலகத் தமிழ் மாநாடு எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவர் முதலில் பெற்ற கலாநிதிப் பட்டம் தமிழில் அல்ல, இறையியலில் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

1913ம் ஆண்டு ஆகஸ்ட் 2ம் திகதி ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் அவர் பிறந்தார். சவேரியார் பெயரே அவருக்கு ஞானஸ்நானப் பெயர். தனிநாயகம் என்பது முன்னோர் வழிப் பெயர்; பின்னாளில் அதை அவர் தமக்குச் சூடிக்கொண்டார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்பு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அக்காலத்துக் கல்லூரிப் படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் வீட்டில் பேசும் மொழி. ஒரு கத்தோலிக்க மாணவன் நாலடியாரைக் காணாமலே கல்லூரியை விட்டு வெளியேறலாம். ஆங்கிலப் புலவர்களைப் படிக்காமல் வெளியேற முடியாது. இதை அடிகளார் மீது குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தலைமுறை முழுவதுமே அப்படித்தான் வளர்ந்தது.

அவர் குருத்துவ அழைத்தலை ஏற்ற 1930களில் கொழும்புத்துறையில் இன்றைய குருமடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் புனித மார்ட்டினார் குருமடம் இருந்தது. நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1895இல் போய்ச் சேர்ந்தது அங்கேதான். கண்டிக்கு அண்மையில் ஆம்பிட்டியில், பாப்பரசர் 13ம் சிங்கராயர் இந்தியா முழுவதற்குமாக நிறுவிய பெரிய குருமடம் 1893 முதல் நடந்து வந்தது. (1955இல் அது பூனாவுக்குப் பெயர்ந்துவிட்டது.) நமது இளைஞர் போய்ச் சேர்ந்தது கொழும்பில் உள்ள புனித பேர்ணாட் குருமடத்தில். 1931 முதல் 1934 வரை அங்கே மெய்யியல் கற்று, அங்கிருந்து உரோமாபுரிக்குக் கப்பல் ஏறினார். அப்பொழுது அவருக்கு வயது 21.

உரோமாபுரியில் அவர் சேர்ந்தது விசுவாசப் பரம்புதற் சபையின் உர்பான் கல்லூரி. பாப்பரசர் 8ம் உர்பான் 1627இல் தொடக்கியது. மறைபரப்பு நாடுகளிலிருந்து வரும் மாணவருக்கென்றே ஏற்பட்ட கல்லூரியாதலால், ஆசியா, ஆபிரிக்கா என்று பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். வகுப்பு நடப்பது இலத்தீனில். வீதியில் இத்தாலியம். கரம்பன் பிள்ளைக்கு இரண்டும் அந்நியந்தான், ஆனால் மொழி படிப்பதில் அவருக்கு இயல்பாகவே ஒரு சாமர்த்தியம் இருந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், போர்த்துக்கேயம் எல்லாம் அவருக்குக் கைவந்தன.

அவர் போன காலமும் ஒரு நல்ல காலம். 1931இல் பாப்பரசர் 11ம் பத்திநாதர், திருச்சபையின் பல்கலைக்கழகங்களில் பட்டம் கொடுக்கும் முறையைத் திருத்தி ஒரு சட்டம் பிறப்பித்திருந்தார். பாடத்தைக் கேட்டு வாய்மொழிப் பரீட்சையில் தேறினால் மட்டும் கலாநிதி ஆகிவிட முடியாது என்பது அதன் சாரம். மூல ஏடுகளைத் தானே எடுத்து ஆராய்ந்து, புதிதாக ஒன்றைக் கண்டு எழுதி, அதை அச்சிலும் இடவேண்டும். வேதசாத்திரம் படிப்பவனும் சரித்திர ஆசிரியனைப் போல உழைக்கவேண்டிய நிலை இதனால் வந்தது. அடிகளார் அந்தப் புதிய முறையில் பயின்ற ஆரம்பகால மாணவர்களில் ஒருவர். 1938இல் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. 1939இல் கலாநிதிப் படிப்பை முடித்தார்.

அவர் எடுத்த ஆராய்ச்சிப் பொருளைச் சொன்னால் வாசகருக்குச் சற்று வியப்பாக இருக்கும். புனித சிப்பிரியான் ஆயராய் இருந்த காலத்தில் கார்த்தேஜ் நகரத்துக் குருக்கள் எப்படி இருந்தார்கள் என்பதே அது. கார்த்தேஜ் வட ஆபிரிக்காவில், இன்றைய துனீசியாவில் உள்ள பழைய பட்டணம். சிப்பிரியான் நடுவயதில் கிறிஸ்தவரானவர். மனந்திரும்பிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஏறத்தாழ 248இல், ஆயராக்கப்பட்டார். 258 செப்டெம்பர் 14ம் திகதி வாளுக்கு இரையாகி வேதசாட்சி முடி பெற்றார். இடையிலே இருந்தது பத்து ஆண்டுகள். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங்கதை.

அந்தப் பத்து ஆண்டுகளை ஆராய ஒருவர் கையில் என்ன இருக்கிறது? முக்கியமாகக் கடிதங்கள்தான். சிப்பிரியான் எழுதியனவும் அவருக்கு வந்தனவுமாக 80க்கு மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 250இல் தேசியு மன்னன் எல்லோரும் உரோமைத் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெறவேண்டும் என்று கட்டளையிட்டான். விசுவாசிகள் பலர் பயந்து பலியிட்டார்கள். பணம் கொடுத்துப் பொய்ச் சான்றிதழ் வாங்கினோரும் உண்டு. ஆயர் மறைந்து வாழ்ந்தார். மறைவிடத்திலிருந்தே ஒரு வருடத்துக்கு மேலாகக் கடிதங்கள் மூலம் தம் மந்தையை நடத்தினார். அவர் ஓடிவிட்டார் என்று பழித்தவர்களும் இருந்தார்கள். அவர் இல்லாத வேளையில், விழுந்தவர்களை முறையான தவம் இன்றி எளிதில் சேர்த்துக்கொண்ட குருக்களும் இருந்தார்கள்.

இந்தக் கடிதங்களைப் பொறுமையாக வாசித்தால் சின்னச் சின்னச் செய்திகள் கிடைக்கும். கடிதம் கொண்டுபோவதற்கு நம்பிக்கையான ஆட்கள் வேண்டும், அவர்கள் குருகுலத்தவராய் இருக்கவேண்டும் என்பதற்காக ஆயர் ஒருவரை வாசகராகவும் இன்னொருவரை உபதியாக்கோனாகவும் ஏற்படுத்துகிறார். குருக்களுக்கு மாதந்தோறும் சபைப் பணத்திலிருந்து பங்கு கொடுக்கப்பட்டதும், தவறு செய்தவருக்கு அது நிறுத்தி வைக்கப்பட்டதும் தெரியவருகின்றன. சித்திரவதையைத் தாங்கிய இளைஞர் இருவரை வாசகராக்கி, குருக்களுக்குரிய பங்கையே அவர்களுக்கும் கொடுக்கச் சொல்லுகிறார். ஒருவர் சாகும்போது தம் மரண சாசனத்தில் ஒரு குருவைப் பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக எழுதிவைத்துவிட, ஆயர் கடுமையாகக் கண்டிக்கிறார்: பீடத்தில் நிற்கவேண்டியவரைக் காணி, காசு அலுவல்களில் இழுக்கக்கூடாது என்பது அவர் கருத்து. (நம்முடைய ஊர்களில் காணித் தகராறு வந்தால் முதலில் சுவாமியாரிடம் ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க.)

இப்படி ஒரு சொல்லை, ஒரு பெயரை, ஒரு முகவரியைப் பிடித்துக்கொண்டு, அழிந்துபோன ஒரு பட்டணத்துச் சபையின் வாழ்க்கையைத் திரும்பக் கட்டியெழுப்புவதுதான் அந்த ஆராய்ச்சிக்குரிய வேலை. யார் எழுதுகிறார், யாருக்கு எழுதுகிறார், எந்தச் சூழ்நிலையில் எழுதுகிறார் என்று ஒவ்வொரு தாளிலும் கேட்கவேண்டும். பின்னால் வந்த வழக்கத்தை முன்னாலே ஏற்றிவிடக் கூடாது. அடிகளாரின் ஆய்வு பிற்பாடு ஆங்கிலத்தில் நூலாகவும் வெளிவந்தது.

பட்டத்துடன் திரும்பிய கலாநிதி வந்து சேர்ந்தது யாழ்ப்பாணத்துக்கு அல்ல, தமிழ்நாட்டில் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு. அப்பொழுது அங்கே ஆயராக இருந்தவர் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை, நவீன காலத்தில் இந்தியரில் இலத்தீன் ரீதியின் முதல் ஆயர். 1940 முதல் வடக்கன்குளம் புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் அடிகளார் ஆசிரியப் பணி செய்தார். வடக்கன்குளம் பழம்பெரும் கத்தோலிக்க ஊர். 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற இடம்.

அங்கே நடந்ததைத்தான் நான் அவர் வாழ்வின் திருப்பம் என்று எண்ணுகிறேன். கார்த்தேஜ் நகரத்துக் குருக்களைப் பற்றி இலத்தீனில் எதையும் வாசிக்கவல்லவர், கிராமத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றபோது, தம் தாய்மொழி இலக்கியம் தமக்குத் தெரியாது என்பதைக் கண்டார். உரோமாபுரியில் சபைப்பிதாக்களின் நூல்களை மூலத்தில் வாசிக்கக் கற்றவர், தம் முன்னோரின் நூல்களை மூலத்தில் வாசிக்க முடியாதிருந்தார். அந்த நிலையில் இருந்த எத்தனையோ பேர் அதை வெளியில் காட்டிக்கொள்ளாமலே கௌரவமாக வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். பட்டம் ஒன்று கையில் இருக்கும்போது யார் கேட்கப் போகிறார்கள்? அடிகளார் ஒரு தமிழ்ப் பண்டிதரை அடுத்துப் பாடங் கேட்கத் தொடங்கினார். பகலில் ஆசிரியர், மற்ற வேளையில் மாணாக்கர்.

அது போதாமல் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுமாணி வகுப்பில் சேர்ந்தார். 32 வயது, குருவானவர், இறையியல் கலாநிதி. வகுப்பிலே பக்கத்தில் இருந்தவர்கள் அவரிலும் பல வயது இளைய மாணவர்கள். முதுமாணிப் பட்டம் பெற்றபின் அங்கேயே மேலாராய்ச்சியும் செய்தார். பொருள், சங்கச் செய்யுள்களில் இயற்கை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணையையும், கிரேக்க இலத்தீன் புலவர்கள் இயற்கையைப் பாடிய முறையையும் அருகருகே வைத்து நோக்கினார். அந்த ஆய்வும் நூலாக வந்து, பிற்காலத்தில் திருந்திய பதிப்பும் கண்டது.

சங்கப் பாட்டு என்பது என்ன? ஒருவர் ஒருவருக்கு ஒரு வேளையில் சொல்லும் கூற்று. தோழி தலைவிக்குச் சொல்வாள், பாணன் தலைவனுக்குச் சொல்வான். சொல்பவர் யார், கேட்பவர் யார், நிலம் எது, பொழுது எது என்று அறியாமல் பொருள் கொள்ள முடியாது. சிப்பிரியானின் கடிதங்களை வாசித்த கண்ணுக்கு இது புதிய வேலை அல்ல. உரோமாபுரியில் கற்ற பழக்கம் அண்ணாமலை நகரில் உதவியது என்றே நான் நினைக்கிறேன். குரு என்ற நிலையையும் தமிழாராய்ச்சியாளர் என்ற நிலையையும் இரண்டு வெவ்வேறு ஆட்களைப் போலப் பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை அமைத்தார். யப்பான், அமெரிக்கா, தென் அமெரிக்க நாடுகள் எங்கும் சென்று தமிழைப் பற்றிப் பேசினார். 1952இல் தமிழ்க் கலாசாரம் என்ற பொருள்படும் பெயரில் ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைக் கல்விச் சிந்தனைகளைப் பற்றி ஆராய்ந்து இன்னொரு கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த காலத்தில் தமிழின் உரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறையின் பேராசிரியர்.

1964 சனவரியில் புதுடில்லியில் கீழைத்தேய ஆராய்ச்சியாளர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த அறிஞர்களை ஒன்றுகூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். பிரான்சு நாட்டு அறிஞர் ழான் பிலியோசா அதன் முதல் தலைவர். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது 1968 சனவரியில் சென்னையில். அப்பொழுதுதான் மெரீனாக் கடற்கரையில் திருவள்ளுவர், ஔவையார் ஆகியோருடன் வீரமாமுனிவருக்கும் போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் சிலைகள் எழுந்தன. மூன்றாவது 1970இல் பாரிசில். நான்காவது 1974 சனவரியில் நமது யாழ்ப்பாணத்தில். அதன் முடிவில், சனவரி 10ம் திகதி இரவு, கூடியிருந்த மக்கள் மீது பொலிசார் நடத்திய தாக்குதலும் உயிரிழப்புகளும் யாழ்ப்பாணத்தார் எவர் மனத்திலும் ஆறாத புண்ணாக இருக்கின்றன. அடிகளார் 1980 செப்டெம்பர் 1ம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

ஒரு குரு மாநாடுகளிலும் பல்கலைக்கழகங்களிலும் காலம் போக்கலாமா, அது ஆன்ம ஈடேற்றப் பணியாகுமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இக்கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை. ஒரு பங்கில் முப்பது வருடம் நோயாளரைச் சந்தித்து, திருமணம் செய்துவைத்து, பெயர் தெரியாமல் மறைந்த குருமார் எத்தனையோ பேர். அவர்கள் பணி சிறிதென்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. அடிகளாரின் காலத்தில் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் கத்தோலிக்கன் என்றால் மேனாட்டு மதத்தவன், அவனுக்குத் தமிழில் என்ன பற்று என்ற எண்ணம் வெளியில் இருந்தது. உள்ளேயும் நம்மவர் சிலர் அப்படியே நடந்தார்கள். அங்கி அணிந்த ஒருவர் சங்கப் பாடலை எடுத்து உலக அறிஞர் முன் வைத்தபோது அந்த எண்ணம் ஆட்டங் கண்டது.

இன்றைய பிள்ளைகளுக்கு வழி முன்னிலும் திறந்திருக்கிறது. மெய்யியலையும் இறையியலையும் கொழும்புத்துறையிலேயே படிக்கலாம். திருச்சபை வகுத்த முறைப்படி இறையியற் பட்டங்கள் மூன்று படிகளாக உள்ளன. முதற்பட்டத்தை அடுத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் படிப்பில் இரண்டாம் பட்டம். அதன்பின் ஆராய்ச்சி நூல் எழுதிக் கலாநிதிப் பட்டம். அடிகளாரின் காலத்தில் குருமாணவருக்கே உரியதாக இருந்த இந்தப் படிப்பு இப்பொழுது பொதுநிலையினருக்கும் கன்னியருக்கும் பெண்பிள்ளைகளுக்கும் உண்டு. வீட்டில் அப்படி ஓர் ஆசை சொல்லும் மகள் இருந்தால், அது என்ன உத்தியோகத்துக்கு உதவும் என்று உடனே கேட்டு வாயை அடைத்துவிடாமல் இருப்பது நல்லது.

கடைசியாக ஒரு செய்தி. அந்தாம் தெ புரோயென்சா என்ற போர்த்துக்கேய இயேசு சபைக் குரு ஒருவர் 17ம் நூற்றாண்டில் நம் நாடுகளில் வேதம் போதித்தவர். தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துக்கேய மொழியில் பொருள் எழுதி அவர் ஓர் அகராதி செய்தார். 1666இல் அவர் இறந்தபின், 1679இல் மலையாள நாட்டு அம்பழக்காட்டில் அது அச்சேறியது. 16,000க்கு மேற்பட்ட சொற்கள் அடங்கியது. பழைய பேச்சுத் தமிழ் எப்படி இருந்தது என்று அறிய இதற்கு ஈடான கருவூலம் அதிகமில்லை. காலப்போக்கில் பிரதிகள் எல்லாம் அழிய, வத்திக்கான் நூலகத்தில் ஒன்று தப்பியிருந்தது.

உர்பான் கல்லூரி இருப்பது சனிக்குலக் குன்றில். அங்கிருந்து புனித இராயப்பர் பேராலயத்தின் கவிமாடம் தெரியும். வத்திக்கானுக்கு நடந்தே போகலாம். 1934 முதல் ஐந்தாண்டுகள் அடிகளார் அந்தக் குன்றிலிருந்து சிப்பிரியானின் இலத்தீனை வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தமிழ் அகராதியும் அந்த நூலகத்தில்தான் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, தமிழ் கற்றபின், திரும்பிச் சென்ற பயணம் ஒன்றில் அதைத் தேடிக் கண்டார். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, 1966இல் கோலாலம்பூரில் அதனை மீண்டும் அச்சிட்டு வெளியிட்டார்.